இரண்டு மணிக்கு வரும் கிராணி

சங்காட் ஜோங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கணினி மூன்று இரவாகப்
பூஜ்யம் எழுதுகிறது.

லோரிகள் குலையோடு ஏறிக் காலியாக இறங்குகின்றன.
விடிந்தால் அறிக்கையில் பூஜ்யம்.
என்சிக் ஹலீம் அதை என் மேசையில் வைத்துவிட்டுப்
பேசாமல் போகிறார்.

பகலில் நான் உட்கார்ந்து
‘நிறு’ என்று அடித்தால்
மொத்த டன்னும் திரையில் வந்து விழுகிறது.
இரவு இரண்டு மணிக்குக் கிரான் தானாக எழுந்து
அதே ‘நிறு’வைக் கூப்பிட்டால்
அப்படி ஒரு கட்டளை இல்லை என்கிறது லாக்.

யார் நீ என்று கேட்டேன், ‘டைப் நிறு’ போட்டு.
ஏலியாஸ் என்றது.
எனக்கு முன் இங்கிருந்த யோகராணி
விரல் வலிக்காமலிருக்க வைத்துப்போன செல்லப்பெயர்.
பாஷ்ஆர்சியில் நாற்பத்தோராவது வரி.

செல்லப்பெயர் வீட்டுக்குள்தான் செல்லும்.
கிரான் நம்ம பழைய கிராணி மாதிரி,
செக்ரோலில் இருக்கிற பெயரைத்தான் வாசிப்பான்.

போன நோன்பு மாதம் கிளினிக்கில்
‘சவரிமுத்து மகன் அருமைதாசன்’ என்று
மிஸ்ஸி மூன்று தரம் கூப்பிட்டாள்.
கூட்டிக்கொண்டு போன நாங்கள் ஐந்து பேர்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
எங்களுக்கு அவர் டயர்.
குலை விழுந்த கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு
டயரும் எழவில்லை.

ஏலியாஸை எடுத்துவிட்டு
முழுப் பாதையையும் எழுதினேன், ஸ்லாஷ் ஸ்லாஷாக.
நாலாவது இரவும் பூஜ்யம்.

எடையேடு எந்த அடைவில் என்பதை
ஒரு மாறியில் வைத்து எக்ஸ்போர்ட்டும் செய்திருந்தேன்.
அது என் ஷெல் பெற்ற பிள்ளைகளுக்குப் போகும்.
கிரான் வேறு வீட்டில் பிறந்தவன்,
வெறுங்கையோடு வருவான்.
தேவையானதை ஸ்கிரிப்ட் வாசலிலேயே வைக்கவேண்டும்.
வைத்தேன்.

ஐந்தாவது இரவு வீட்டுக்குப் போகவில்லை.
பாய்லர் இரைச்சல், கொசு, ஆறிப்போன மைலோ.
ஒன்று ஐம்பத்தொன்பது.
இரண்டு.
நானூற்றுப் பன்னிரண்டு டன், புள்ளி ஆறு.

யோகராணியின் வரியை அழிக்கவில்லை.
கையால் அடிக்க அது சுகம்.

ஏழு மணிக்கு முதல் லோரி, டயருடையது.
ஓட்டுநர் கட்டத்தில் முழுப்பெயரை அடித்து
ரசீதை ஜன்னல் வழியே நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
‘யாரும்மா இவன்?
என் லோரிய இவன் எப்ப ஓட்டினான்?’