எட்டு மணி

கோத்தகிரியில் நாலரைக்கு நல்ல இருட்டு.
துரைப்பாண்டி ஜீப் கண்ணாடியில்
வெந்நீர் ஊற்றித் துடைக்கிறான்.
மூன்று துணிக்குள் நிறைமதி,
பதினோரு மாதம், ஆறு கிலோ முந்நூறு.
பையில் மருந்து இருக்கிறது, கொடுக்கக் கூடாது.
இரத்தம் எடுத்த பிறகுதான் காலை மருந்து.
எட்டு மணி இன்று
கோயம்புத்தூரில் இருக்கிறது.

அரவேனு தாண்டிய வளைவில் காட்டெருமைகள்.
ஐந்து, அதில் ஒன்று கன்று.
ஹாரன் அடிக்காதே என்றேன்.
அவன் எஞ்சினையே அணைத்துவிட்டான்.
தேயிலைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவை போல
அவை நின்றன.

குளிருக்குத் தழும்பு இழுக்கிறது.
என் ஈரலில் ஒரு துண்டு
ஐந்து மாதமாய் அவளிடம்.
எனக்கு பி, அவளுக்கு ஓ.
கண் மஞ்சள், நகம் மஞ்சள் என்று அவள் கிடந்த அன்று
"பொருந்தாதே" என்றேன்.
டாக்டர் ஷைலஜா பேனா மூடியைக் கடித்தபடி சொன்னார்:
"பெரியவங்க ரத்தம் ஏற்கெனவே
பகையாளி பேரையெல்லாம் எழுதி வச்சிருக்கும்.
இவ நோட்டு இன்னும் காலி.
எழுத ஆரம்பிக்கறதுக்குள்ள போயிடணும்."

பண்ணையில் பேரிக்கு ஒட்டுக் கட்டுகிறவள் நான்,
பன்னிரண்டு வருஷமாய்.
சாய்வாய் ஒரு வெட்டு, பட்டையோடு பட்டை,
நாடா சுற்றி நிழலில் வைத்தால் முடிந்தது.
"உனக்குத் தெரியாததா, செண்பகம்" என்கிறார்கள்.
எனக்குத் தெரியாததுதான்.
ஒட்டாத ஒட்டு காய்ந்துபோகும், அவ்வளவே.
இராத்திரியில் எழுந்து அதை யாரும்
தேடிப்போய்க் கடிப்பதில்லை.
என் மகளுக்குள் கடிக்கக் கூடியவற்றுக்குப்
பல் முளைத்துக்கொண்டிருக்கிறது,
அவளுக்கு முளைப்பது போலவே,
கீழே ரெண்டு, மேலே ஒன்று.
முளைக்கட்டும். சளிக்கும் பேதிக்கும் அவை வேண்டும்.
என்னை மட்டும் விட்டுவிடு என்று சொல்லத்தான்
அரை மில்லி, காலையும் இரவும்.

போன மாதம் எதிர் லைனில்
ஒரு வாசலில் வேப்பிலை.
இந்த உயரத்தில் வேம்பு வளராது.
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர்
இறக்கிக் கொடுத்த கொத்து.
இருபத்தோரு நாள் நாங்கள் கதவு திறக்கவில்லை.
அம்மை இறங்கிய பையன் தன் ஜன்னலிலிருந்து
கை காட்டினான்.
நிறைமதி சிரித்தாள்.
அவளுக்கு இன்னும் யார் மேலும் சந்தேகமில்லை.

வெளிச்சம் வந்துவிட்டது.
கன்று தாயின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றது.
அப்போதுதான் கணக்கு உறைத்தது.
ஒன்பது மாதம் நீ எனக்குள் இருந்தாய்,
பாதி உன் அப்பன், எனக்கு அந்நியம்.
என் இரத்தம் உன்னிடம் பேர் கேட்கவில்லை,
ஊர் கேட்கவில்லை,
எதற்கு வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.
எந்த மருந்தும் குடித்ததாக நினைவில்லை,
சத்து மாத்திரை தவிர.
எப்படி முடிந்தது என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்.
முழுக்கத் தெரியாது என்றார்.
தெரிந்திருந்தால்
இந்த பாட்டிலே வேண்டியிருக்காதாம்.

இப்போது உன் முறை, பிள்ளே.
நான் சின்னத் துண்டுதான்.
அதிகம் இடம் அடைக்க மாட்டேன்.

ஆறு மணிக்கு அவை சரிவில் இறங்கின,
கடைசியாய்ப் போனது ஒரு முறை திரும்பிப் பார்த்தது.
அதற்குப் பிறகு துரைப்பாண்டி
ஒரு வளைவிலும் பேசவில்லை.

எட்டே காலுக்கு ஊசி. புறங்கையில் நரம்பு கிடைக்காமல்
பாதத்தில் எடுத்தார்கள்.
முடிவு நாளைக்கு, போனில்.
எட்டு இருபதுக்கு வாயோரம் சிரிஞ்சு வைத்தேன்.
விழுங்குவது போல இருந்தாள்,
பிறகு துப்பினாள்.

எவ்வளவு போச்சு என்று
அவன் என் முகத்தைப் பார்க்கிறான்.
நான் அவள் சட்டையின் ஈரத்தை
விரலால் அளந்துகொண்டிருக்கிறேன்.