இடம் பிடித்தல்

கிளமெண்டி உணவங்காடியில் முதல் நாள்
தட்டோடு நின்றேன்.
ஆளில்லாத மேசைகள் ஐந்து.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிஷ்யூ பொட்டலம்.
யாரோ மறந்துவிட்டுப் போனதென்று
ஒன்றை ஓரமாய்த் தள்ளி உட்கார்ந்தேன்.
குழம்பைப் பிசைவதற்குள் வந்துவிட்டாள்
அதன் சொந்தக்காரி.
திட்டியிருந்தால் தேவலை.
பரவாயில்லை என்று புன்னகைத்து
நின்றபடியே நூடுல்ஸ் தின்றாள்.

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில்
சன்னல் வழியே துண்டை எறிகிறவர்கள்
வண்டி நிற்கும்வரை பொறுப்பதில்லை.
விழுந்த துண்டுக்கு மூன்று பேர் பாத்தியதை பேசி
செம்பட்டி தாண்டியும் சண்டை ஓயாது.
இங்கே
பத்துத் தாள் உள்ள பொட்டலம்,
வெள்ளிக்கு நான்கு.
அதைத் தாண்ட
ஒருவருக்கும் கை வரவில்லை.

"நீ தள்ளி வச்சியா? செத்தே!" என்று
விழுந்து விழுந்து சிரித்தாள் லோஷினி.
புக்கிட் பாத்தோக் வீவக வீட்டுப் பெண்.
ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசை.
காலையில் பார்த்தால்
"பசியாறிட்டியா?" என்பாள்.
பசி, பாலைப் போல
ஆறக்கூடிய ஒன்று என்பது
இருபது வருடம் தமிழ் பேசிய எனக்கு
அன்றுதான் உறைத்தது.

அறையில் இயென்.
வியட்நாமில் வின் நகரம்.
நாங்கள் பேசிக்கொண்டது
இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம்.
இயெனுடைய ஆங்கிலத்தில்
வினைகளுக்குக் காலம் கிடையாது.
தமிழில் எழுதினால் இப்படி வரும்:
நேற்று நான் தூங்கு. நாளை நான் தூங்கு.
இன்று தேர்வு, நான் தூங்கு இல்லை.

நவம்பரில், அதிகாலை மூன்று மணிக்கு
விளக்குப் போடாமல் பெட்டி கட்டினாள்.
"அப்பா நோய். நான் போ. நான் வா."
போயிட்டு வர்றேன் என்பதைத்தான்
தெரியாமலே சொன்னாள்.
போ என்று மட்டும் சொல்லியிருந்தால்
எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

நூலகம் ஐந்தாம் தளம், தூணோர மேசை.
இயெனின் புள்ளியியல் புத்தகம் விரித்தபடி.
மேலே பொட்டலம், பாதி தீர்ந்தது.
ஆளில்லா இடத்துப் பொருட்கள்
அரைமணியில் அகற்றப்படும் என்று
சுவரில் அறிவிப்பு.
எதிரே உட்கார்ந்து படித்தேன்.
படித்தேன் என்பது பொய்.
காவல் இருந்தேன்,
குளிர்சாதனக் காற்றில் காலைச் சம்மணம் போட்டு.
கழிவறைக்குப் போயிருக்கிறாள் என்றேன்
கேட்ட முதல் ஆளிடம்.
இரண்டாம் ஆளிடமும் அதையே.
பிறகு யாரும் கேட்கவில்லை.

மாலை, துடைக்க வந்தார் யூசோஃப்.
சட்டையில் தைத்திருந்த பெயர்.
பக்கம் மாறாமல் புத்தகத்தைத் தூக்கினார்.
அடியில் துடைத்தார்.
திரும்ப வைத்தார்.
பொட்டலம் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.
அதையும் பழைய இடத்துக்கு நகர்த்திவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்.
என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை குறுஞ்செய்தி:
"அப்பா போ."
போகிறாரா, போய்விட்டாரா,
போவார் என்கிறார்களா?
திருப்பிக் கேட்க
எந்தக் காலத்தில் கேட்பது?
லோஷினியிடம் காட்டினேன்.
தொலைபேசியை வாங்கி,
மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

தேர்வுகள் முடிந்தன.
புள்ளியியலில் நான் தப்பித்தேன்.
புத்தகத்தைக் கொண்டுவந்து
உறை போடாத மெத்தையில்
அதே பக்கத்தில் விரித்து வைத்தேன்.
பொட்டலத்தில் மிச்சம் மூன்று தாள்.
நான்காவதை எடுத்தது நான்தான்.

விடுதி அலுவலகத்திலிருந்து அழைப்பு.
அடுத்த பருவத்துக்கு ஆள் வருகிறார்கள்,
கொரியாவிலிருந்து ஒருத்தி,
உன் அறைத்தோழி விலகிவிட்டாளா,
படுக்கையைக் கொடுத்துவிடலாமா?

ஆங்கிலத்தில் எனக்குப் பன்னிரண்டு காலங்கள் தெரியும்.
பள்ளியில் அட்டவணை போட்டு
மனப்பாடம் செய்தவை.
எதுவும் வாயில் வரவில்லை.
"அவள் வா" என்றேன்.