ஏழாம் பக்கத்து 'மே'

எனக்கு முதலில் ரொட்டி போட்டது ரஷ்ய மொழி.
ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டு,
"மக்வாலா, திங்கள் முதல் நீ ஆங்கிலம்" என்றார்,
பேருந்து நிறுத்தத்தை மாற்றியதுபோல.
குத்தாய்சியில் ஆறு வாரப் பயிற்சி.
பிறகு பல வருடம்
பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம் முன்னால்
மூச்சிரைக்க ஓடினேன்.

நடுவில் ஒஹாயோவிலிருந்து ஒரு பையன் வந்தான்.
என் நாற்காலியில் உட்கார்ந்தான்.
நான் உச்சரித்தது சரியா என்று
அவன் புருவத்தைப் பார்த்தே ஓராண்டு கழிந்தது.
போகும்போது ஒரு கம்பளித் தொப்பியை மறந்துவிட்டுப் போனான்.

இப்போது ஜாபா
இரவெல்லாம் கணினியில் சுட்டுக்கொண்டே
பிரேசில்காரனோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறான்.
எனக்குத் தெரியாத வசவெல்லாம் தெரியும்.
கட்டுரை கேட்டால் செல்போன் எழுதித் தருகிறது,
பிழையே இல்லை.
என் சிவப்புப் பேனா மூடி கழற்றாமல் கிடக்கிறது.
"டீச்சர், கோவிச்சுக்காதீங்க.
இனி நீங்க எதுக்கு?"
கோபம் வரவில்லை.
கேபிள் காரில் தொங்கிப் போகும்போதெல்லாம்,
கீழே மாங்கனீஸ் கரைந்த கறுப்பு ஆற்றைப் பார்த்தபடி,
நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் அவனே வந்தான், அம்மாவோடு.
சியாலா, சுரங்கக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள்.
போலந்தில், கோழி வெட்டும் ஆலையில் வேலை.
பதினொரு பக்க ஒப்பந்தம்.
போன் அதை நல்ல ஜார்ஜியனில் வாசித்துக் காட்டியது:
மூன்று மாதத்தில் முன்பணம் திருப்பித் தரப்படும்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
ஏழாம் பக்கத்தில்
ஒரு 'மே' உட்கார்ந்திருந்தது.
முப்பது வருடம் கரும்பலகையில் எழுதி எழுதி
நானே அழித்த மே.
தரப்படும் அல்ல, தரப்படலாம்.
அந்த 'லாம்'மைப் போன்
மென்று விழுங்கியிருந்தது.

"அப்ப நான் போகட்டுமா, வேண்டாமா?" என்றாள் சியாலா.
அது என் பாடத்திட்டத்தில் இல்லை.
அவள் கடன் எவ்வளவென்று ஊருக்கே தெரியும்.
எப்போது தரமாட்டீர்கள் என்று
ஒரு கேள்வி மட்டும் எழுதித் தந்தேன்.
ஜாபா தட்டச்சு செய்தான். நடுவில் நிறுத்தி,
"ரொம்பக் கெஞ்சுது டீச்சர்" என்று
இரண்டு 'ப்ளீஸ்'களில் ஒன்றை எடுத்தான்.
அவன் செய்தது சரி.

பதில் வரவில்லை. அவள் போனாள்.

திங்கள்தோறும் ஆசிரியர் அறை வாசலில்
யாராவது காகிதத்தோடு நிற்கிறார்கள் இப்போது.
விசா மறுப்பு. மருத்துவமனை ரசீது.
ஒருமுறை, துருக்கியிலிருந்து வந்த காதல் கடிதம்;
அதிலும் இரண்டு மே.
சம்பளப் பதிவேட்டில் நான் இன்னும்
'ஆங்கிலம், எட்டு முதல் பன்னிரண்டு வரை'.

மே மாதம் வந்தது.
வகுப்பு நடுவே ஜாபா கையைத் தூக்கி
ஆள்காட்டி விரலைப் பாதி மடக்கிக் காட்டினான்.
பாதிப் பணம்.
தலையசைத்துவிட்டுத் திரும்பினேன்.
அன்றைக்குப் பாடம், 'ஷல்'.