ஒரே வயிற்று எண்கள்

சம்மாந்துறை நெல் ஆலைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த சேர்வர்
மாசிக் கடைசியில், பெரும்போக அறுவடை உச்சத்தில்,
இரண்டு பேருக்கு ஒரே இரகசிய எண்ணைக் கொடுத்தது.
ஒருவர் நிந்தவூர் மீராலெப்பை,
மற்றவர் நாவிதன்வெளி கனகரெத்தினம்.
முப்பத்திரண்டு எழுத்து. ஒன்றுகூட மாறவில்லை.

தற்செயல் என்றான் றுஸ்னி.
தற்செயல் என்றால்
கல்முனைக் கடற்கரையில் வீசிய ஒரு மணல்மணியை
மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது.
இது அதுவல்ல. இது இரத்த உறவு.

துணிக்கடைக்கு மேலே எங்கள் அறை.
கரண்ட் இல்லை. கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
பதிவைத் திறந்தோம்:
தாய் 4102. பிள்ளைகள் 4103, 4104.
நூலகத்தை எழுப்பி, விதையும் போட்டு,
மறுகாதான் கிளைத்திருக்கிறாள் தாய்.

எங்கட பக்கம் குடி தாய்வழி.
வயிற்றுவார் கேட்டுத்தான் கல்யாணம் பேசுவார்கள்,
ஒரே குடிக்குள் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை.
அவ்வளவு தெரிந்தவள்
இரண்டு வரியை முன்பின்னாக எழுதியிருந்தேன்.
நினைவை அப்படியே கொண்டு பிறந்த பிள்ளைகளிடம்
எழுமாறாக ஒரு எண் சொல் என்றால்
வேறு எதைச் சொல்லும்?

இதாவது சீட்டு.
கையொப்பத்திலும் அந்த எண் இரண்டு தரம் விழுந்தால்
ஒரு கழித்தல், ஒரு வகுத்தல்,
சாவி மேசையில் கிடக்கும்.
நுஸ்லா துண்டுக் கடதாசியில் போட்டுக் காட்டினாள்.
என் தேத்தண்ணி ஆறிப் போனது.

"ஒவ்வொரு முறையும் தன் இலக்கத்தைப் பார்க்கட்டும்,
மாறியிருந்தால் விதையை மாற்றட்டும்" என்றான் றுஸ்னி.
"தாய் செத்து, அவள் இலக்கம்
பேர்த்திக்கு விழுந்தால்?" என்றாள் நுஸ்லா.
அவன் ஒள்ளுப்பம் யோசித்தான். எழுதியதை அழித்தான்.

பூட்டு வேறு.
கிளைக்கும் கணத்தில் ஓர் இழை பூட்டைப் பிடித்திருந்தால்
பிள்ளைக்குப் பூட்டு வரும், பிடித்த கை வராது.
திறக்க வேண்டியவர் இல்லாத வாசலில்
பிள்ளை நிற்கும்,
நின்றுகொண்டே இருக்கும்.
அப்படிச் சில வாசல்கள் எனக்கு இந்த ஊரில் தெரியும்.
சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போனேன்.

மூன்றரை மணிக்கு ஒருவழியாய்
கேர்னலிடமே கேட்டுக்கொண்டோம்:
எல்லாவற்றையும் பிள்ளைக்குக் கொடு,
விதை இருக்கும் இந்த ஒரு பக்கத்தை மட்டும்
வெறுமையாக்கிக் கொடு.
பூச்சியத்தைக் கண்டதும் அதற்குத் தெரியும்,
தான் புதிது என்று.
மறுகா தன் விதையைத் தானே கேட்டு வாங்கும்.
பூட்டையும் தாயே எடுத்துவைத்துக் கிளைத்து
இரு பக்கமும் திறந்துவிட வைத்தோம்.

சுபஹுக்குப் பிறகு போன் எடுத்தேன்.
"மகள், எனக்கு ஒண்டும் வெளங்கல்ல,
காசு வருமா வராதா?" மீராலெப்பை.
வரும். எண்தான் மாறும்.

கனகரெத்தினம் சத்தமாய்ச் சிரித்தார்.
மறந்துபோகும் என்று
பழைய எண்ணை டிரக்டர் பெட்டியில்
சோக்கால் எழுதி வைத்திருந்தாராம்,
முப்பத்திரண்டு எழுத்தையும்,
ஊரே பார்க்க.