இருண்ட எண்

மூன்றாம் வாரத்துப் பாடம் அது.
நடந்தும் புகாராகாத குற்றங்களின் தொகைக்கு
இருண்ட எண் என்று பெயர்.
தேர்வில் நான்கு மதிப்பெண்.
மஞ்சள் மையால் அடிக்கோடிட்டேன்,
இருட்டு தெரிய வேண்டும் என்று.

அந்தப் பருவம் முழுதும்
கல்யாண வீடுகளில் ஒரே கேள்வி.
"குற்றவியலா? போலீசா ஆகப்போறியா?"
"இல்லை மாமா."
"அப்ப வக்கீலு."
"இல்லை."
"பிறகு எதுக்கும்மா இவ்வளவு கடன்?"
சிறையில், நன்னடத்தை அலுவலகத்தில்,
காப்புறுதிக் கம்பெனியில் என்று நான் அடுக்குமுன்
அடுத்த பந்திக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டார்.
என் இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது.

கள ஆய்வுக்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி.
சியூ லிங்குக்கு இரட்டைப்படைத் தளங்கள்,
எனக்கு ஒற்றைப்படை.
மின்தூக்கி ஏழில் மட்டுமே நின்றது.
கேள்வி எண் ஒன்பது:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
நீங்கள் ஏதேனும் குற்றத்துக்கு ஆளானதுண்டா?

இரண்டு பூட்டுப் போட்ட கிரில்லுக்குப் பின்னாலிருந்து
இல்லை என்றார்கள்.
முன்சக்கரம் இல்லாத சைக்கிளில் சாய்ந்தபடி
ஒருவர் இல்லை என்றார்.
பதினொன்றாம் தளத்துப் பையன் மட்டும்
"அண்ணன் மோட்டார்..." என்று தொடங்கினான்.
உள்ளிருந்து ஒரு குரல்
அவனைச் சாப்பிடக் கூப்பிட்டது.

நாற்பத்தொரு வீடு.
முப்பத்தெட்டு இல்லை.

அன்றிரவு ஆயர் ஈத்தாமில்
அம்மா நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.
நாளைக்கு ஒத்திகை என்று
அவளிடமும் ஒன்பதாவதைக் கேட்டேன்.
"இல்ல" என்றாள், யூனிபார்ம் பொத்தானைப் போட்டபடி.
பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.
காரணம் ஒன்றுமில்லை, கை வலித்தது.

அப்புறம்தான் சொன்னாள்.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு.
நாலு நம்பர் கடையிலிருந்து மழைக்குள் இறங்கியவள் கழுத்தில்
மோட்டாரில் வந்த ஒரு கை.
தாலி தப்பியது. இரண்டு பவுன் சங்கிலி போயிற்று.
"போலீசுல சொன்னா எங்கம்மா நின்னீங்கன்னு கேப்பான்.
உங்கப்பா அதையேதான் முதல்ல கேப்பாரு."
அதனால் அடகு வைத்ததாகச் சொன்னாள்.
என் பள்ளிச் செலவுக்கு.
இல்லாத அடகுச் சீட்டுக்கு
ஒன்பது வருடம் வட்டி கட்டினாள்,
ஓவர்டைம் பணத்தில் மாதம் ஐம்பது வெள்ளி,
மைலோ டின்னுக்குள்.
ஒருநாள் அதே மாதிரி ஒன்று வாங்கி
மீட்டு வந்ததாகக் காட்டினாள்.
அப்பா கொக்கியைத் திருப்பிப் பார்த்து
"பாலிஷ் போட்டுக் குடுத்திருக்கான்" என்றாராம்.

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை.
அந்தச் சங்கிலிக்காக
எத்தனை முறை புது நோட்டு கேட்காமல்
பழைய நோட்டின் ஓரங்களில் எழுதியிருப்பேன்.

படிவத்தை எடுத்தேன்.
பன்னிரண்டு மாதங்களுக்குள் இல்லை.
குறிக்க இடமில்லை.
கீழே பாயான் லெப்பாஸ் பேருந்து ஹார்ன் அடித்தது,
அவள் செருப்பைத் தேடினாள்.

இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன்.
ஒரு வங்கியின் மோசடிப் பிரிவு, பதினாறாம் மாடி,
காதில் ஹெட்செட்.
"பேங்க்ல வேலை" என்றதும் மாமா நிம்மதியானார்.
பார்க்கும்போதெல்லாம் வீட்டுக்கடன் வட்டி கேட்கிறார்.

அழைப்பவர் யாரும்
தனக்கு நடந்தது என்று தொடங்குவதில்லை.
"எனக்கில்ல, கூட வேலை செய்றவங்களுக்கு..."
"சும்மா தெரிஞ்சுக்கத்தான்..."
நேற்று ஈப்போவிலிருந்து ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்
மழையைப் பற்றிப் பேசினார்,
புது நெடுஞ்சாலைக் கட்டணத்தைப் பற்றி,
மறுபடி மழையைப் பற்றி.
ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம் என்பது விதி.
திரையின் மூலையில் சிவப்பு எரிந்தது.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.
அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி
கடகடவென்று சுற்றுவது கேட்டது.

"மேடம்" என்றார்,
"என் வைஃபுக்குத் தெரியாது."