மூக்குச் சாட்சி

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
மிரோ வீட்டு பேஸ்மென்டில்
ஆறு பேர், ஆறு துலிப் கிண்ணங்கள்,
நடுவில் ஒரு பாட்டில்,
என் மகளைவிட ஒரு வயது மூத்தது.

தொண்ணூற்றிரண்டில் ஷெர்ரிப் பீப்பாய்க்குள் போனது.
வருடத்துக்கு இரண்டு சதவீதம் காற்றுக்குக் கப்பம் கட்டி
மிஞ்சியது இவ்வளவு.
காற்றில் போனதைத் தேவதைகள் குடிப்பதாகச் சொல்வார்கள்.
முப்பது வருடம் ஓசியில் குடித்தும்
ஒரு தேவதை தள்ளாடி விழுந்ததாகக்
கேள்வியில்லை.

விலையை ஆறால் வகுத்தோம்.
என் பங்கில் பாதியைத்தான்
சுகிர்தாவிடம் சொல்லியிருந்தேன்.

"முதலில் தாயு" என்றான் மிரோ.
எப்போதும் முதலில் தாயுதான்.
இருபத்தாறு வருடம் தானிய ஆய்வாளன்.
ரயில் ரயிலாய் வரும் கோதுமையை, பார்லியை
உள்ளங்கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோவேன்.
பூஞ்சை, புளிப்பு, எலி, டீசல்.
ஒருதரம் தலையசைத்தால்
நூறு பெட்டி வந்த வழியே திரும்பும்.

போன மார்ச்சில் ஒரு காய்ச்சல், ஐந்தே நாள்.
ஆறாம் நாள் பல் தேய்த்தபோது
பற்பசையில் புதினா இல்லை,
ஜில்லென்பது மட்டும் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.
ஓய்வுபெற்ற மூக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?
மாதா மாதம் இங்கே வந்து
என் பழைய நோட்டிலிருந்து ஒப்பித்துவிட்டுப் போனேன்,
வீட்டுப்பாடம் எழுதாத பையன் போல.

கிண்ணத்தை விளக்குக்கு நேரே பிடித்தேன். நல்லெண்ணெய் நிறம்.
சுழற்றினேன்.
உள்சுவரில் மெல்ல, மிக மெல்ல
கோடு கோடாய் இறங்கியது.
மோந்தேன்.
கண்ணாடி.
மூக்குத்தண்டில் ஒரு முள்.
அவ்வளவுதான்.

"அத்திப்பழம்" என்றேன்.
ஆகா என்றார்கள்.
"பழைய தோல் பை.
கொஞ்சம் பொறுத்தால்,
இப்போதுதான் ஊதி அணைத்த தீக்குச்சி."
லோரெய்ன் கண்ணை மூடினாள்.
"தீக்குச்சி, ஆமாம், தீக்குச்சி!"
ஹெய்ன்ரிக்ஸ் தனக்கு இரண்டு குச்சி தெரிவதாகச் சொன்னான்.

இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடித்தேன்.
நாக்கு பொய் சொல்லவில்லை:
முதலில் இனிப்பு, அப்புறம் கசப்பு,
அப்புறம் அந்தச் சூடு,
நெஞ்செலும்புக்குப் பின்னால் விளக்கேற்றிக்கொண்டு
யாரோ படியிறங்குவது போல.
அதை நான் சொல்லவில்லை.
சூட்டுக்கு மதிப்பெண் கிடையாது.

தொண்ணூற்று நான்கு என்று மிரோ எழுதி
அடியில் கோடிட்டான்.

பத்து மணிக்கு சுகிர்தா கூட்டிப்போக வந்தாள்.
பூட்ஸைக் கழற்றி, தொப்பிப் பனியை உதறி நின்றாள்.
அவள் குடிப்பதில்லை.
"மோந்தாவது பாருங்கள்" என்று
மிரோ மரியாதைக்கு ஒரு கிண்ணம் நீட்டினான்.

மோந்தாள்.
என் பக்கம் திரும்பித் தமிழில்,
"கெட்டுப்போச்சுங்க இது.
நம்ம பேஸ்மென்ட்ல தண்ணி ஏறினப்ப
ஊறிக் கிடந்த அட்டைப்பெட்டி நாத்தம்."

கழுதைக்குத் தெரியுமா என்று
வாய்வரை வந்த பழமொழி
பாதியில் நின்று
என்னை ஏற இறங்கப் பார்த்தது.

மேசையில் கிடந்தது தக்கை.
ஓரம் கறுத்து, விரல் பட்டதும் பொடிந்தது.

"என்ன சொல்கிறாள்?"
ஐந்து முகங்கள்.
நூறு பெட்டியைத் திருப்பியனுப்பிய நான்
"பிரமாதமாம்" என்றேன்.

காரில் ஹீட்டர் இரைந்தது.
பெம்பினா சாலை வரை அவள் பேசவில்லை.
பிறகு, கண்ணைச் சாலையிலேயே வைத்து:
"பத்து மாசமாத் தெரியும்.
கெட்ட பால்ல காப்பி போட்டு
ரெண்டு டம்ளர் குடிச்சீங்க, அன்னிக்கே.
ராத்திரி கேஸ் அடுப்பை
நான் ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் படுக்கறேன்."

சிவப்பு விளக்கு.
வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"சரி, அந்த நாத்தத்துக்கு
நெசமா எவ்வளவு குடுத்தீங்க?"

முழுத்தொகையைச் சொன்னேன்.

பச்சை விழுந்தது.
பின்னாலிருந்தவன் இரண்டாம் முறை ஹாரன் அடிக்கும்வரை
அவள் வண்டியை எடுக்கவில்லை.