ஒற்றைக் கைக்கு

கொங்கார்னோ துறைமுகத்தின் பின்சந்து.
மீன்பெட்டி கழுவிய தண்ணீர் கடைவாசல்வரை ஓடுகிறது.
உள்ளே குவெந்தால்
மின்சார விஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறான்,
சந்தையில் பசுவின் மடியைத் தடவுபவன்போல.

"பொத்தானை அமுக்கினால் போதும் அசெனோர்,
தாமான் கயிறு தானாக வரும்."
வரும்.
விரல் சிக்கினால் விரலும் வரும்.
பாட்டரி படுத்துவிட்டால் எதுவுமே வராது.
விலைச்சீட்டைத் திருப்பினேன்.
எங்கள் காரை விற்றாலும் கட்டாது.

கைவிஞ்ச் போதும். இரண்டு வேகம்,
கயிற்றைத் தானே கவ்விக்கொள்ளும் வகை,
நீளமான கைப்பிடி.
குட்டைப்பிடி வாங்குகிறவர்களுக்கு
இன்னும் தோள்வலி வரவில்லை.

முன்பாய்க்கு அரைமணி நேரச் சண்டை.
சுருட்டும் உருளை பாதியில் சிக்கினால்
இரவெல்லாம் பாய் வெடிவெடிக்கும் என்றான்.
கொக்கி கோத்த பாய் என்றால்
ஒருவர் அணியத்துக்குத் தவழ்ந்து போகவேண்டும்.
"நான் போகிறேனே."

போன செப்டம்பர், பிஸ்கே கடலில்
போனான்.
பதினோரு நிமிடம்.
சுக்கானை விட முடியாமல்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
பதில் வராதோ என்று கூப்பிடாமல் நான்.

உருளை என்றேன்.

கல்லாவிலிருந்து திருமதி கெர்வெல்லா கேட்டாள்:
"படகில் எத்தனை பேர்?"
"இரண்டு."
"அப்படியென்றால் ஒன்று.
மற்றவர் தூங்குவார்."

பின்னணியத்தில் மாட்டும் காற்றுத்தகட்டைக் காட்டினாள்.
மின்சாரம் கேட்காது, சோறு கேட்காது,
சுக்கானை இரவு முழுக்கப் பிடிக்கும்.
காற்று திரும்பினால் தானும் திரும்பி
விசுவாசமாகப் பாறைக்கே கூட்டிப்போகும்.
அதனால் அலாரமும் ஒன்று.
காற்றே இல்லாத நாளுக்கு
சின்ன ஆட்டோபைலட்.

இதற்குள் நான்
ஒவ்வொரு பிடியையும் ஒவ்வொரு பூட்டையும்
இடது கையால் மட்டும் திறந்து மூடிப் பார்த்திருந்தேன்.
அவனுக்குத் தெரியாமல்தான்.
அவன் இல்லாமல்
இந்தப் படகு வீடு திரும்புமா என்று
அவன் பக்கத்தில் நின்றுகொண்டே கணக்குப் பார்ப்பது
என்ன மாதிரியான காதல்,
எனக்கே தெரியவில்லை.

ரசீது எழுதும்போது அவனைக் காணோம்.
கடைக் கோடியில் நின்றான்,
பாய் குறுக்கும் கயிற்றின் மாதிரிப் பலகை முன்னால்.
வலது கை கால்சட்டைப் பையில்.
இடது கையால் இழுக்கிறான், பூட்டுகிறான்,
உதட்டைக் கடித்துக்கொண்டு
மறுபடி இழுக்கிறான்.

நான் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

"ஆஞ்சானுக்கு என்ன நிறக் கயிறு?" என்றாள் திருமதி.
சிவப்பு என்றேன்.
"இருட்டில் எல்லாமே கறுப்பு," என்றான்
பின்னாலிருந்து.
"தடிமனை மாற்றிக் கொடுங்கள்.
ஒன்று எட்டு, ஒன்று பத்து மில்லிமீட்டர்.
தொட்டால் தெரியட்டும்."